வந்த சமயமும் கொண்ட துணிவும்

ஒருவருடைய வாழ்விலே திருப்பத்தை உண்டாக்கும் சமயங்கள் முரசறைந்துகொண்டு வருவன அல்ல. அவை பெரும்பாலும் நாள்தோறும் நிகழும் சிறு காரியங்களின் வேடம் பூண்டே வருகின்றன. புதிதாக ஊருக்கு வந்த ஓர் உத்தியோகஸ்தரைக் கண்டு வரும்படி பெரியோர் ஏவுதலாகவோ, முன்பின் அறியாத ஒருவர் கேட்கும் கேள்வியாகவோ வந்து, கவனிப்பாரில்லாதவிடத்து வந்த வழியே போய்விடுகின்றன. நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களில், பையனுக்கு நல்ல சமயம் ஒன்றும் வாய்க்கவில்லையே என்று பெற்றோர் வருந்துதலை, ஆசிரியத் தொழிலிலுள்ள யாம் அடிக்கடி கேட்கின்றோம். சற்று நெருங்கி விசாரித்தால், அயலூரிலே ஒரு சிறு வேலை வந்ததென்றும், ஊர் தூரமாதலின் அது வேண்டாமென்று விடப்பட்டதென்றும் தெரியவருகின்றது. அன்றேல், பெரியவர் ஒருவர் வந்து பார்க்கச் சொன்னாரென்றும், முதன்முறை சென்றபோது அவர் முகங்கொடுத்துப் பேசாமையால் மறுமுறை செல்லவில்லையென்றும் தெரியவருகின்றது. இதனைப் பற்றிப் பொதுப்பட உபதேசஞ் செய்தல் எளிது. செவி கொடுப்பார் சிலரே. ஆதலின், உண்மையாக நிகழ்ந்த வரலாறு ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்தலே நலமென்று கருதுகின்றோம்.

அது 1880-ஆம் ஆண்டிலே கும்பகோணத்தில் நிகழ்ந்தது. அதிற் சம்பந்தப்பட்டவர் இருவர். ஒருவர், பிற்காலத்தே மகாமகோபாத்தியாயரென்றும் தமிழ்த்தாத்தாவென்றும் போற்றப்பெற்ற உ. வே. சாமிநாதையரவர்கள். மற்றொருவர், அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு மாற்றப்பெற்று வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள். ஐயரவர்கள் தம் முதுமையிலே 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்த 'என் சரித்திரம்' என்னும் நூலில் இதனைத் தாமே விரித்துரைத்துள்ளார். தமிழ் பயின்றோர் பலர் அறிந்ததே. ஆயினும், சீவகசிந்தாமணி அச்சேறிய பெருமையை எடுத்துப் பேசுவோர், அதற்கு முன் அவர் எவ்வெவற்றைப் பணயமாக வைத்தார் என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. எமக்கு ஈண்டு வேண்டுவது அப்பகுதியே.

ஐயரவர்கள் 1855-இல் தோன்றியவர், உத்தமதானபுரத்தார். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். பொருள் வளம் இல்லாதவர். மகனுக்குத் தமிழ்மீது வேட்கை உண்டாயிற்று. ஆங்கிலம் படித்தால் இம்மைக்கு உதவும், வடமொழி படித்தால் மறுமைக்கு உதவும், தமிழ் எதற்கென்று கேட்டவர் அக்காலத்துப் பலர். தந்தையாரோ, தமிழ் சொல்லிக்கொடுப்பார் இருக்குமிடந் தேடி ஊர் ஊராகக் குடும்பத்தோடு சென்று தங்கினார். இறுதியில் 1871-இல் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனைக் கொண்டு சேர்த்தார். பிள்ளையவர்கள் 1876-இற் காலஞ்சென்ற பின்னர், திருவாவடுதுறை ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகர் ஐயரவர்களைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். உண்ண உணவும், இருக்க வீடும், படிக்கச் சுவடியும், பாடங் கேட்க மாணாக்கரும், பேசி மகிழப் புலவர் கூட்டமும் ஆங்கே குறைவறக் கிடைத்தன. வறுமையிலே வளர்ந்த ஒரு குடும்பத்திற்கு இதனினும் வேண்டுவது யாது? வாழ்நாள் முழுவதும் மடத்து வித்துவானாக அவர் அங்கேயே இருந்திருந்தால் குறை சொல்வார் ஒருவரும் இரார்.

அந்நிலையில், 1880-ஆம் வருடத் தொடக்கத்திலே, கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியாரவர்கள் திருவாவடுதுறைக்கு வந்தார். அவரும் பிள்ளையவர்களிடம் பயின்றவரே. உடல்நலக் குறைவால் உத்தியோகத்தை விட்டு நீங்க எண்ணிய அவர், தம் இடத்திற்கு ஐயரவர்களை அனுப்பவேண்டுமென்று தேசிகரவர்களைக் கேட்டுக்கொண்டார். தேசிகரவர்களுக்கு மனம் எளிதில் இசையவில்லை. பிள்ளைபோல் வைத்திருந்த ஒருவரைப் பிரிவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? பின்னர், மாணாக்கருடைய நன்மையைக் கருதி விடைகொடுத்தார். ஆங்கிலங் கல்லாத ஓர் இளைஞர், ஆங்கிலக் கல்விக்கென்றே ஏற்பட்ட கல்லூரியிலே, கோபாலராவ் முதலிய பெரிய உத்தியோகஸ்தர்களின் முன் தம் திறமையைக் காட்டி, மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தார். மடத்திலே அவரை எல்லாரும் அறிவர். கல்லூரியிலே ஒருவரும் அறியார். மடத்திலே அன்பு அவரைக் காத்தது. கல்லூரியிலே ஒவ்வொரு நாளும் வகுப்பிலே தம்மைத் தாமே நிலைநிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நம் வீடுகளில் இத்தகைய நிலை நேர்ந்தால் பெரும்பாலார் எதனைத் தேர்ந்தெடுப்பர் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்க. ஈண்டு யாம் தேசிகரவர்களுடைய தயக்கத்தைக் குறை கூறவில்லை. பெரியோருடைய தயக்கம் அன்பிலிருந்து பிறப்பது. அன்பினால் தயங்கியவரே அன்பினால் வழியும் விட்டார் என்பதே அவருடைய பெருமை.

நிற்க. அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை, ஐயரவர்கள் புதிய முன்சீப்பைக் காணச் சென்றார். இச்சந்திப்பு உபசாரத்தின் பொருட்டு ஏற்பட்டதன்றி வேறு நோக்கங் கொண்டதன்று. முன்சீப் தமிழிலே பற்றுள்ளவரென்று கேள்வி. ஆதலின் கண்டு பழகிக்கொள்ளுதல் நன்றென்று பெரியோர் கருதினர். அவ்வளவே. ஆனால், முதலியாரவர்கள் அன்று ஆர்வமாகப் பேசவில்லை. யாரிடம் பாடங் கேட்டீர், என்னென்ன படித்தீர் என வினவினார். மகாவித்துவானுடைய மாணாக்கரென்று சொன்னதற்கும் அவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும், கலம்பகங்களையும், பிள்ளைத்தமிழ்களையும், கோவைகளையும், உலாக்களையும், புராணங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்காலத்தே ஒரு புலவரின் கல்வியை அளப்பதற்கு அவையே அளவுகோல். முதலியாரவர்களோ, இவற்றையெல்லாம் படித்ததனால் ஆவதென்ன என்னும் கருத்துப்படக் கேட்டுவிட்டு, இவற்றிற்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்றார். சிந்தாமணி படித்ததுண்டோ, மணிமேகலை படித்ததுண்டோ, சிலப்பதிகாரம் படித்ததுண்டோ என்று மேலும் மேலும் அடுக்கினார்.

இந்தக் கட்டத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கேட்டவர் நரைத்த தலையினர் என்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. முதலியாரவர்கள் 1852-இற் பிறந்தவர். அன்று அவருக்கு வயது இருபத்தெட்டு. ஐயரவர்களுக்கு இருபத்தைந்து. ஏறக்குறைய ஒத்த வயதினர் ஒருவர், அதுவும் தமிழைத் தொழிலாகக் கொள்ளாதவர், தமிழையே தொழிலாகக் கொண்ட கல்லூரிப் பண்டிதரைப் பார்த்து, நீர் படித்தவை யாவும் போதாவென்று சொல்லுகின்றார். கல்லூரியில் அமர்ந்து எட்டு மாதமே ஆயிற்று. படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால், அச்சொல் ஊரிலே பரவவுங்கூடும்; பண்டிதரைத் தேர்ந்தெடுத்த செட்டியாரவர்களுக்கும், பயிற்றுவித்த பிள்ளையவர்களுடைய பெயருக்குங்கூட அது குறையாக முடியும். அந்நூல்களின் பெயரையும் இரண்டொரு செய்திகளையும் கேள்வியறிவால் தெரிந்துகொண்டு, ஒருவாறு படித்தேனென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுதல் கற்றவர் சிலரிடம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சினந்து எழுந்துவிடுதலும் உண்டு. முன்சீப்புக்குத் தமிழ் என்ன தெரியும் என்று வீட்டிற்கு வந்து நண்பர்களிடம் நகைத்தலும் உண்டு. இம்மூன்றும் மானத்தைக் காக்கும் வழிகளாகவே அக்கணத்தில் தோன்றும்.

ஐயரவர்கள் இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. படித்ததில்லையென்றும், ஏடு கிடைக்கவில்லையென்றும், கிடைத்தால் படித்துவிடலாமென்றும் சொன்னார். மனம் ஊக்கங் குன்றியே வீடு திரும்பினாரெனினும் மீண்டும் சென்றார். எம் கருத்தின்படி இவ்வரலாற்றிலே தலைசிறந்த செயல் இம்மறுமுறைச் செலவேயாம். முதலியாரவர்களும் மனங் கனிந்து, தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவரிடங் கொடுத்தார். அதைப் படித்துத் தமக்குப் பாடமும் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். முன்பின் பழகாத இளைஞர் ஒருவரிடம் அருமையாகச் சேர்த்த பிரதியை நம்பிக் கொடுத்ததும் ஒரு துணிவே. அதனையும் நாம் மறத்தல் ஆகாது.

இனி, ஏற்றுக்கொண்ட காரியம் எத்தகையது? சிந்தாமணி திருத்தக்கதேவர் இயற்றியது. பதின்மூன்று இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் உடையது. நச்சினார்க்கினியர் உரை பெற்றது. அதன் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் பவர் பாதிரியார் 1868-இல் அச்சிட்டிருந்தார். எஞ்சியது ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலுமே கிடந்தது. கம்பராமாயணத்தையும் இலக்கணங்களையும் கற்றவருக்கு இஃதோர் அரிய காரியமா என்னும் எண்ணத்துடனேயே ஐயரவர்கள் தொடங்கினார். தொடங்கியபின் அன்றோ தெரிந்தது! கதைப்போக்குப் புதிது, சொற்கள் புதியன, சைன சமயத்துக் கொள்கைகளோ முற்றும் புதியன. உரைகாரர் இடையிடையே மேற்கோளாக எடுத்தாளும் பகுதிகள் எந்நூலைச் சேர்ந்தவையென்றே விளங்கவில்லை. வாரத்திற் சில நாட்கள் முதலியாரவர்கள் முன் அமர்ந்து, தமக்கே விளங்காத நூலுக்குப் பொருள் சொல்லவேண்டிய நிலை. கற்பிப்பவர் கற்றுக்கொண்டே கற்பித்தல் எத்துணைக் கடினம் என்பதை எம்மைப் போன்ற ஆசிரியர் நன்கு அறிவர்.

சைன சமயச் செய்திகளை யாரிடங் கேட்பது? இங்கே இன்னொரு தடை நின்றது. அநபாய சோழன் சிந்தாமணியைக் கேட்டு மகிழ்ந்திருந்தான் என்றும், அவன் மனத்தைச் சிவகதையின்பால் திருப்புதற்கே சேக்கிழார் பெரியபுராணம் பாடினாரென்றும் சேக்கிழார் வரலாறு கூறுகின்றது. ஆதலின், சைவ நன்மக்கள் அந்நூலை ஒதுக்கியே வைத்திருந்தனர். சைவ மடத்திலே வளர்ந்தவர், அந்தணர், சைனருடைய வீட்டுத் திண்ணையிலே சென்று அமர்ந்து அவர்கள் சமய நூலுக்குப் பொருள் கேட்பதென்றால், காண்போர் வாளா இருப்பரா? ஐயரவர்கள் சென்றார். கும்பகோணத்திலே சைன அன்பர் ஒருவரது இல்லத்தின் வாயிலிலே தோரணங் கட்டியிருக்கக் கண்டு காரணம் வினவியபோது, அவர்கள் சிந்தாமணியைப் பல மாதம் இருந்து படித்து அன்று நிறைவு செய்தனர் என்று தெரிந்தது. எங்கும் வழங்கவில்லையென்று தாம் எண்ணிய நூல், தாம் வாழும் ஊரிலேயே, சில தெருக்களுக்கு அப்பால், விழாக் கொண்டாடிப் படிக்கப்பெற்று வந்தது! கேட்கத் துணிந்தவருக்கன்றோ அவ்வாயில் தெரிந்தது? அவர்களும் ஐயங்களையெல்லாம் அன்போடு விளக்கினர். திருவாவடுதுறை மடத்திலிருந்தும் சிந்தாமணி ஏடு கிடைத்தது. மடத்தை விட்டு வந்தவருக்கு மடத்தின் அன்பு குறையவில்லை.

நூலை அச்சிடவேண்டுமென்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. அப்போது வேறொரு சோதனை வந்தது. கலித்தொகை முதலிய பழைய நூல்களைப் பதிப்பித்தவராகிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், சிந்தாமணியைத் தாம் பதிப்பிப்பதாகக் கூறிப் பிரதியைக் கேட்டார். அவர் அனுபவமுள்ளவர், செல்வாக்குள்ளவர். பிரதியைக் கொடுத்துவிட்டால் பணச் சுமையும் பழிச் சுமையும் அவரோடு போய்விடும்; நூலும் வெளிவந்துவிடும். ஐயரவர்கள் இசையவில்லை. முதலியாரவர்கள் முன் ஏற்றுக்கொண்ட காரியத்தைத் தாமே முடிப்பதென்று நின்றார். தாமோதரம் பிள்ளையவர்களின் தொண்டு பெரிது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவர் இவ்வாறு நின்றது உலக வழக்கிற்கு ஒத்ததன்று. முன்பணமாகக் கையொப்பம் சேர்த்தும், கல்லூரி விடுமுறைகளிற் சென்னைக்குச் சென்றும், அச்சுத்தாள்களை இரவிலே கண் விழித்துத் திருத்தியும் உழைத்தார். முதலியாரவர்கள் அதற்குள் முன்சீப் வேலையை விட்டுச் சென்னையிலே வக்கீலாகி, 1885-இல் இந்திய மக்களின் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற பிரதிநிதிகளுள் ஒருவராகவும் விளங்கினார். அவரும் பெரிதும் துணை நின்றார். சிந்தாமணி 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் முழுவதும் வெளிவந்தது. வந்தவுடன் பாராட்டு வந்தது. கண்டனமும் உடன் வந்தது. கண்டனம் எழுதியோர் கையிலும் அவர் அச்சிட்ட புத்தகமே இருந்தது.

இவ்வரலாற்றைக் கேட்டவுடன், இஃதெல்லாம் ஊழ்வலி, அவருக்கு நல்ல வேளை வந்தது, நமக்கு வரவில்லை என்று சொல்வாருமுளர். ஊழை மறுத்தல் எம் நோக்கமன்று. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். பவர் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை அச்சிட்டது 1868-இல். ஐயரவர்கள் முன்சீப் வீட்டிற்குச் சென்றது 1880-இல். இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள். அத்துணைக் காலமும் இந்நூலின் முதற்பகுதி தமிழ் கற்றாரெல்லாருடைய கைக்கும் எட்டுவதாகவே இருந்தது. மற்றப் பகுதி எங்கேயென்று கேட்பதற்கு எல்லார்க்கும் வேளை இருந்தது. ஏடுகள் மடத்திலும் வீட்டிலும் கிடந்தன. சைனர் படித்துக்கொண்டே இருந்தனர். வேளை பலருக்கும் வந்தது. வேளையை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தவர் ஒருவர்.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாகப் பிழைபடுகின்றனர். துணிவு வேண்டுமென்று சொன்னவுடன், இருக்கிற வேலையை உதறிவிட்டு, மனைவி மக்களை மறந்து, கடன் வாங்கி ஏதேனும் ஒன்றில் இறங்குதலே துணிவென்று நம் இளைஞர் சிலர் கருதுகின்றனர். ஐயரவர்கள் கல்லூரி வேலையை விட்டுவிட்டுச் சிந்தாமணியைத் தேடவில்லை. பகலிலே வகுப்பு, இரவிலே ஏடு. மடத்தை விட்டபோதும், விடைபெற்றே வந்தார், முறித்துக்கொண்டு வரவில்லை. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையே ஏறக்குறைய ஏழாண்டுகள் சென்றன. அவர் பணயம் வைத்தது தம் நல்ல பெயரையும், ஓய்வையும், உறக்கத்தையும், தம்மால் அடைக்கக்கூடிய அளவு பொருளையும். குடும்பத்தின் சோற்றை அன்று. முழுமனத்தோடு இறங்குதல் வேறு, கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் விழுதல் வேறு. பிள்ளைகளின் துணிவுக்கு அஞ்சும் பெற்றோர் இவ்வேறுபாட்டை அறிந்தால் அச்சம் பாதி குறையும். மற்றப் பாதி இருக்கவேண்டியதே.

சிந்தாமணி உரையிலே விளங்காது நின்ற மேற்கோள்கள் அவரைச் சங்க நூல்களிடம் இட்டுச் சென்றன. பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும், ஐங்குறுநூறு 1903-இலும், பதிற்றுப்பத்து 1904-இலும், பரிபாடல் 1918-இலும், குறுந்தொகை 1937-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. கும்பகோணத்திலிருந்து 1903-இற் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1942-இல் எண்பத்தேழாம் வயதிற் காலஞ்சென்றார்.

சேலம் இராமசுவாமி முதலியாரவர்களுக்கு அத்துணை நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. அவர் 1892-ஆம் வருடம் மார்ச்சு மாதத்தில், நாற்பது வயதும் நிரம்பாமுன், இறந்துபோனார். முதற் சந்திப்பிலே அவர் கேட்ட மூன்று நூல்களுள் சிந்தாமணியை முழுவதும் அச்சிற் கண்டார். சிலப்பதிகாரம் அவர் மறைந்த அவ்வாண்டிலேயே வெளிவந்தது. மணிமேகலை வெளிவந்தது 1898-இல்.